முடியாத ஆறாவது துண்டு

"ஐயோ... முதலாளியக் குத்திட்டான்!"

மெத்தைக் கடை விற்பனையாளர் போட்ட அலறல் அடுத்த தெருவரை கேட்டது.

காலை பத்தே கால். கடை நடுவில் முதலாளி மல்லாந்து கிடந்தார். சட்டை முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் அவர் மச்சான், மனைவியின் தம்பி... கையில் கத்தி!

விற்பனையாளர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். பயத்தில் மச்சானும் பின்னாலேயே ஓடினான். கத்தியோடு!

பத்தரைக்குப் போலீஸ் கடைக்குள் நுழைந்தபோது...

பிணத்தைக் காணோம்!

மதியம் இரண்டு மணி. ஸ்டேஷன்.

"நான் குத்தல சார்!" மச்சான் அழுதான். "மெத்தை உறையக் கிழிக்கணும், கத்தி கொண்டான்னு அத்தான்தான் கூப்பிட்டாரு. வந்து பாத்தா கிடக்கறாரு!"

"அவர் வீட்லயா இருக்கே?" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"ஒரு வாரம் தங்கிட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

"எப்ப வந்தே?"

"மூணு வருஷம் ஆச்சு."

இன்ஸ்பெக்டருக்குப் பிணத்தின் மேல் பரிதாபம் வந்தது.

நாலு மணிக்குக் கோர்ட். அதற்குள் வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் மச்சான் நேராக ஜெயிலுக்கு! ஒரே சாட்சி, கடையின் கேமரா. அதன் ஃபைலோ எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாத ஆதிகாலத்து ரகம். வேறு ரகத்துக்கு மாற்றினால்தான் படம் தெரியும்.

'மீதி: ஒன்பது மணி நேரம்' என்றது திரை.

"ஏம்மா, புது மெஷின்தானே?"

"பதினாறு கோர் சார்," என்றாள் வீடியோ டெக்னீஷியன். "பதினாறு மூளைன்னு வச்சுக்கங்க. இந்தப் பழைய சாஃப்ட்வேர் ஒண்ணைத்தான் வேலை வாங்குது. மீதி பதினஞ்சும் சும்மா உக்காந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்த்தார். ஏட்டு மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புரியுது. என்ன பண்ணலாம்?"

"நாலு மணி நேரப் படத்தைக் கால் மணி கால் மணியா வெட்டறேன். பதினாறு துண்டு, ஆளுக்கு ஒண்ணு. கடைசில எல்லாத்தையும் ஒட்டினாத்தான் படம் தெரியும்."

மெஷினின் ஃபேன் 'ஙொய்ங்' என்று கதறியது. துண்டுகள் மளமளவென்று முடிந்தன. இரண்டே முக்காலுக்குள் பதினைந்து!

ஆறாவது மட்டும் நகரவில்லை.

டெக்னீஷியன் முகம் வெளுத்தது. "சார்... இது பத்தே கால்லேர்ந்து பத்தரை. கடையில பிணம் மட்டும்தான் இருக்கணும்."

"அதனால?"

"அசையாத படம் சட்டுனு முடியும். அசைஞ்சாத்தான் ஒவ்வொரு கட்டத்தையும் புதுசா கணக்குப் போடும். போலீஸ் பத்துப் பேரு பூந்து நடமாடின துண்டே முடிஞ்சிடுச்சு!"

"அப்போ இதுல...?"

"யாரோ பயங்கரமா ஆடறாங்க சார்!"

மூன்று மணிக்கு ஆறாவது துண்டும் முடிந்தது. ஒட்டி, முதலில் அதையே ஓட்டினார்கள்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்தது. வாசலை எட்டிப் பார்த்தது.

பிறகு மெத்தைக்கு மெத்தை தாவி ஆட ஆரம்பித்தது! குட்டிக்கரணம் வேறு! ஆடி ஓய்ந்ததும், மூலையில் கிடந்த மெத்தை உறைக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்துக்கொண்டது.

ஏட்டு பறந்தார். அரை மணியில் முதலாளியோடு திரும்பினார். சட்டையில் காய்ந்த தக்காளி சாஸ்.

"ஏன்யா இப்படிப் பண்ணே?"

"மூணு வருஷம் சார்! ஜாடையா சொன்னேன், சண்டை போட்டேன். அசையல. ஜெயிலுக்கு அனுப்பறதத் தவிர வழி தெரியல. கேமரா ஃபைலைத் திறக்க ஒன்பது மணி நேரம் ஆகும்னு அதை மாட்டினவங்க சொன்னாங்க, அந்தத் தைரியம்!"

"சரி, செத்தவன் எப்படிய்யா வீட்டுக்குப் போவே?"

"அதை யோசிக்கல சார்."

"லாக்கப்ல உக்காந்து யோசி!" இன்ஸ்பெக்டர் மச்சான் பக்கம் திரும்பினார். "நீ கிளம்பலாம்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. மச்சான் இல்லாத ஒரு இடம்! ஆனந்தமாக உள்ளே போய், கம்பிக் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

மச்சான் நகரவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"அத்தானைத் தனியா விட மனசு வரல சார். துணைக்கு நானும் உள்ள தங்கிக்கறேனே... ஒரே ஒரு வாரம்!"