பலகையின் மறுபக்கம்

கையை எடுத்த பிறகும் பின்பலகை விழவில்லை.

விழுந்திருக்க வேண்டும். ஓர் ஆள் உயரப் பலகை. இன்னும் ஒரு திருகாணிகூட ஏறவில்லை. பாதி பொருத்திய அலமாரிக்குள் குந்தியிருந்த அவள், புதுப்பலகையின் பசை நாற்றமும் மரத்தூளும் மூச்சை அடைக்க, வெளியே தூறல் பிடித்து மாலை வெளிச்சம் அந்தச் சின்ன அறையைவிட்டு மெல்ல வடிந்துகொண்டிருக்க, பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ கால் மாற்றி நிற்பதுபோல் தரையில் கிடந்த அட்டை நொறுங்குவதைக் கேட்டாள்.

கணவன் திரும்பிவிட்டான் போல.

காலையில் பெட்டிகள் வந்து இறங்கியதும், "இதெல்லாம் உன்னால ஆகுற காரியமா?" என்று சிரித்துவிட்டுப் போனவன். இனி அவன் துணியோடு தன் துணி கிடக்க வேண்டாம், இந்த அறையே தனக்குப் போதும் என்றுதான் அவள் இந்த அலமாரியை வாங்கினாள். அவனிடம் அதைச் சொல்லியும் விட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. பகல் முழுக்க அவள் தனியாகவே பலகைகளைப் பொருத்தினாள்.

"கொஞ்சம் மேல தூக்குங்க."

பலகை உயர்ந்தது.

"இடது பக்கம்."

நகர்ந்தது. துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. அவள் திருக ஆரம்பித்தாள்.

"அதிசயமா இருக்கு. கட்டிலை நகர்த்தக் கூப்பிட்டாகூட இடுப்பு வலி வந்துரும் உங்களுக்கு."

பதிலுக்கு மூச்சு மட்டும் வந்தது. ஈரமான, நீளமான மூச்சு. அவள் திருகும்போது இழுத்து, நிறுத்தும்போது நின்றது. இப்போதாவது வந்து பிடிக்கிறானே என்று அற்பமாக ஒரு சந்தோஷம். இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சல்.

"நான் ஏன் இந்த ரூமுக்கு வர்றேன்னு கேக்கவே மாட்டீங்களா?"

அப்போது ஜன்னல் வழியே, இரண்டு மாடிக்குக் கீழிருந்து, கணவனின் சிரிப்பு கேட்டது.

"மேல ஒரே கூத்து, சார். அம்மணி தச்சு வேலை பாக்குறாங்க!"

கூடவே பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார்.

அவள் கை நின்றது. அந்தப் பக்கத்து மூச்சும் நின்றது.

வெளியேறத் திரும்பினாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவுப் பலகை அங்கே இல்லை. அவள் முகத்துக்கு நேரே நின்றது.

மூடியது.

தள்ளினாள். அசையவில்லை. கத்தினாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பூட்டு வைக்கும் துளை மட்டும் வெளிச்சமாக இருந்தது. கண்ணை வைத்தாள்.

அறை நடுவே ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். அவளுடைய நைட்டி. அவளுடைய கொண்டை. முழங்கையில் மரத்தூள்.

வாசல் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் ஓசை.

"அட, முடிச்சிட்டியா?"

"முடிஞ்சுதுங்க."

அவளுடைய குரல்தான். கசப்பே இல்லாத அவளுடைய குரல்.

"பூட்டு மட்டும் பாக்கி. நீங்க போடுறீங்களா?"

"குடு, குடு. அதுக்கென்ன."

உள்ளே அவள் பலகையை அறைந்தாள். பஞ்சை அறைவதுபோல் இருந்தது. சுண்டுவிரலைத் துளைக்குள் நுழைத்தாள். நான். நான் இங்கே. விரல் பாதியில் இறுகியது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

கணவனின் காலடி அருகில் வந்தது. அவன் மூச்சு விரல் நுனியில் பட்டது.

"ஓட்டைல என்னமோ அடைச்சிருக்கே?"

"அட்டைத் துண்டா இருக்கும். நல்லா அடிங்க, போயிரும்."

"பரவாயில்லையே நீ," என்றான் கணவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

சுத்தியலை ஓங்கினான்.