ராஜகிரி போட்டோ

சனிக்கிழமை, காலை 6.10.

முருகர் படத்தை இறக்கி, ஆணிகளைப் பிடுங்கி, பின் அட்டையைப் பிரித்த ரேணுகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போட்டோ இல்லை.

செஞ்சிக் கோட்டை, ராஜகிரி உச்சி, காலேஜ் டூர். அவளும் சகாதேவனும் சேர்ந்து நின்ற முதல் படம். அன்று கடைசிப் படிவரை அவன் ஓடியே ஏறினான். அப்பா கண்ணில் படாமலிருக்க அவள் அதை முருகருக்குப் பின்னால் ஒளித்தாள். அவனையே கட்டிக்கொண்டு மரக்காணம் வந்தபோது முருகரோடு அதுவும் வந்தது.

நாளை இருபத்தெட்டாவது கல்யாண நாள். அதே பாறையில் நின்று இன்னொரு படம் எடுக்க வேன் பேசியாயிற்று.

6.40. சகாதேவனின் தங்கை, ஏட்டு யுவராணி, டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தாள்.

"கடைசியா எப்ப பாத்தீங்க அண்ணி?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப."

"அப்பவே எங்கியாவது விழுந்திருக்கும்," என்றான் சகாதேவன். "போட்டோ இல்லாம எந்தப் பாறைன்னு தேடறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

தரையில் நான்கு ஆணிகள். மூன்று துருவேறிச் சிவந்திருந்தன. ஒன்று பளபளத்தது; யுவராணி அதை எடுத்துப் பார்த்தாள்.

"இந்த உப்புக் காத்துல ஆணி பத்து நாள் தாங்காது. பழசு ஒடிஞ்சு, இந்த வாரம் யாரோ புதுசு அடிச்சிருக்காங்க. வீட்ல யாரு?"

"நாங்க ரெண்டு பேரு. நேத்து கீதாஞ்சலி பாண்டியிலேர்ந்து வந்தா."

"என்னை ஏன் அத்தை பாக்குற?" மகள் வாயில் பிரஷ்ஷோடு கத்தினாள். "எனக்கு ஆணியடிக்கத் தெரிஞ்சா ஹாஸ்டல்ல கண்ணாடி மாட்டியிருப்பேன்!"

யுவராணி ஆணியை விரலில் உருட்டினாள். முகர்ந்தாள்.

"கிரீஸ், இன்னும் ஈரமா இருக்கு. துருப்பிடிக்காம இருக்க கிரீஸ்ல தொட்டு அடிக்கறது உப்பளத்துக்காரங்க பழக்கம். இந்த வீட்ல உப்பளத்துக்குப் போறது ஒரே ஆளு. திருடறப்பகூட வேலை சுத்தமா இருக்கணுமாண்ணா உனக்கு?"

சகாதேவன் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி கவரை எடுத்துவந்தான். போட்டோ அதற்குள் இருந்தது. கூடவே இதய எக்கோ ரிப்போர்ட்.

"ரேணுகா, நான் மாடிப்படியே ஏறக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். நீ ஒரு மாசமா புது ஷூ போட்டு நடந்து பழகற. எப்படிச் சொல்றது?"

ரேணுகா ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாள். போட்டோவை எடுத்துப் பார்க்கவேயில்லை.

7.05. வேன்காரருக்குப் போன் போட்டாள்.

"முருகையண்ணே, நாளைக்கு அஞ்சு மணிக்கு வேணாம், எட்டுக்கு வாங்க... இல்லண்ணே, ஏறல. கீழ நிழல்ல உக்காந்து மலையைப் பாக்கத்தான்."