பிளெக்ஸின் வெள்ளைப் பக்கம்

வெண்ணிலா சன்னலுக்கு வரிக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டில்மேல் ஏறி நின்று, கம்பிக்கு இடையே கையை நீட்டி, சன்னலை மூடியிருந்த வெள்ளைப் பரப்பில் மொறுமொறு வரிக்கி ரொட்டியை வைத்து அழுத்தினாள். துணுக்குகள் சுவரோரம் உதிர்ந்தன. கடையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்காத கலைமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான்கு வயது மகள், ஏதோ விளையாட்டு. யாருக்கு ஊட்டுகிறாய் என்று கேட்டாள்.

"இந்த அம்மாவுக்கு. வாயத் தொறக்குது பாரு."

சுருக்கென்றது கலைமணிக்கு.

எருமப்பட்டியைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்குள் கட்டிய புது வீடு. சன்னலுக்குக் கம்பி வந்துவிட்டது, கதவு வரவில்லை. ஐப்பசிச் சாரல் கட்டிலை நனைக்கிறதென்று, முட்டை லாரி ஓட்டும் அவள் கணவன் முருகானந்தம் பழைய சினிமா பிளெக்ஸ் ஒன்றை வெளியிலிருந்து இழுத்துக் கட்டிவிட்டு லோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேய்ப் படத்து பிளெக்ஸ். வேலை பார்க்கும் நாமக்கல் பிளெக்ஸ் கடையில் கலைமணியே டிசைன் செய்தது. படம் வெளியே இருக்கட்டும், வெள்ளைப் பக்கம் உள்ளே இருக்கட்டும், பிள்ளை பயந்துவிடும் என்று சொல்லிக் கட்டவைத்ததும் அவள்தான்.

அந்தப் படத்தில் பயம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், வைத்தவளே அவள்தானே. பச்சை கலந்த நீல இருட்டு, தூரத்தில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் கூந்தலை அவிழ்த்துவிட்டு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். கழுத்து, சாயவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். கால்கள் வராதபடி படத்தை வெட்டியிருந்தாள். காலில்லை என்பதைப் பார்க்கிறவனே நினைத்துக்கொள்வான். முகம் எங்கேம்மா என்று படக்காரர் கத்தினார். பல்லும் ரத்தமும் காட்டினால் ஒருதரம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான், முதுகைக் காட்டினால் எப்போது திரும்புவாளோ என்று நின்றுகொண்டே இருப்பான் என்று சாதித்தாள் இவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இருட்டை மட்டும் கொடுத்தால் போதும், பேயை அவனே கொண்டுவருவான். நிற்க ஆள் அகப்படாமல் இவளே நின்றாள், முருகானந்தம் போனில் எடுத்தான். முதுகை மட்டும்.

"அந்த அம்மா எப்படி இருக்குது சாமி?"

குழந்தை கலைமணியின் தாடையைத் தொட்டது. "உன்னாட்டமே. இங்க மச்சம்."

படத்தில் நிற்பது அம்மாதான் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேறு யார்? பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துக் காட்டு மயிலம்மாள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனுஷி இல்லை அவள். கலைமணி ஆத்திரத்தோடு போன் போட்டுக் கேட்டாள்.

"நா எதுக்குக் கண்ணு சொல்றேன்? நீதான் மத்தியானமே வந்துட்டியே. உள்ள புள்ளைகூடப் பேசிட்டிருந்த. அதான் நான் ஊட்டுக்கு வந்துட்டேன்."

பிள்ளையைத் தனியே விட்டுப் போனதை மறைக்கப் புளுகுகிறாள் என்று நினைத்தாள் கலைமணி. அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டாள். ஆனால் கண் சன்னலுக்குப் போயிற்று. வெள்ளைப் பரப்பு காற்றில் உப்பி அடங்கியது, மூச்சு விடுவதுபோல.

வெளியே முதுகு. அப்படியென்றால் முகம்?

பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். அது கம்பியை விடாமல் வீறிட்டது. முடிச்செல்லாம் வெளிப்பக்கம். அறுத்து எறிந்துவிட்டால் தீர்ந்தது. கட்டிலைவிட்டு இறங்காதே என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள்.

அந்தி மங்கிவிட்டிருந்தது. கோழிப்பண்ணையின் ஈர எரு வாடை காற்றோடு வந்து முகத்தில் அப்பியது, மரவள்ளி இலைகளில் சாரல் இடைவிடாமல் கிசுகிசுத்தது, எங்கோ தளர்ந்த கயிறொன்று சுவரில் தட்டித் தட்டி அடங்கியது. போன் வெளிச்சத்தை பிளெக்ஸ்மேல் அடித்தாள்.

நீல இருட்டு இருந்தது. மஞ்சள் விளக்கு இருந்தது.

நடுவில் யாரும் இல்லை.

பெண் நின்ற இடம் வெள்ளை. கூந்தல் ஓரம்வரை சுத்தமான வெள்ளை.

சட்டென்று உள்ளே விளக்கு எரிந்தது. சுவிட்ச் வெண்ணிலாவுக்கு எட்டாது.

பிளெக்ஸ் முழுதும் ஒளிர்ந்தது. அதில் இரண்டு நிழல்கள். ஒன்று சின்னது. பக்கத்தில் ஒன்று, கூந்தல் அவிழ்ந்தது. கழுத்து, சாயவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"அம்மா, வெளியில யாரு?"

கலைமணி வாயைத் திறந்தாள். பதில் உள்ளேயிருந்து வந்தது, அவள் குரலிலேயே.

"யாருமில்ல சாமி. நீ தூங்கு."

முன்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

பெரிய நிழல் மெல்லக் குனிந்தது. சின்னக் கை ஒன்று அதன் வாய்க்கு வரிக்கியை நீட்டியது.