தபால்தலை மஞ்சளின் ஐந்தாவது விரல்

கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: சிங்காநல்லூர் வீட்டின் தலைவர் கோபாலசாமி, தம் மகனுக்குப் பெண் கேட்டு உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த மயில்சாமி, தபால்துறை அதிகாரி ரவிக்குமார். சமையலறையில் கோபாலசாமியின் அக்காள் ராசாத்தாள். அன்று காலை வேறு எவரும் அந்த வாசற்படி ஏறவில்லை. ஆனாலும் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

காந்திபுரத்துத் துப்பறிவாளர் சாமுவேலுக்குத் தொலைபேசி போயிற்று. தபால்தலை சேகரிக்கும் அவருடைய நண்பர் அப்துல் முத்தலிப் நானும் வருவேன் என்று தொற்றிக்கொண்டார்.

அது 1996ஆம் ஆண்டு, வைகாசி மாதம். காணாமல் போனது கோபாலசாமியின் வயலில் விளைந்த மஞ்சள். ஐந்து விரல் விரித்த கை போன்ற கிழங்கு. ஓவியர் பார்த்து வரைந்து தபால்தலையில் ஏறிய அதே கிழங்கு. சற்று நேரத்தில் தொடங்கும் வெளியீட்டு விழாவில் தபால்தலைக்குப் பக்கத்தில் அதை வைத்தாக வேண்டும்.

"தபால்தலையில ஏறப் போட்டி போட்டுத் தோத்தது இவர் மஞ்சள்தானுங்க," என்று மயில்சாமியைக் காட்டினார் கோபாலசாமி. "வெளியூர் போயிருக்கற என் பொண்ணு பிரவீனாவைத் திருட்டுக் கைக்குக் குடுக்க மாட்டேன்."

"ஏனுங்க, கேட்டுப் பேசுங்க!" மயில்சாமி எழுந்தே விட்டார். "கிளம்பறேன். இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

பெட்டிக்குள் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புச் சொட்டு. முத்தலிப் துள்ளினார். "வெத்தலைச் சாறு! இவர் வாயைப் பாருங்க சாமுவேல்!"

"வெத்தலை போடறவனெல்லாம் திருடனுங்களா பாய்?"

சாமுவேல் அங்கிருந்தவர்களின் முகங்களை நிதானமாகப் பார்த்தார். மயில்சாமியின் நெற்றியிலும் ரவிக்குமாரின் நெற்றியிலும் செம்பொட்டு. "ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குங்களா?"

"வெயிலுக்கு ஜூஸுங்களா?" என்றார் ரவிக்குமார்.

பூஜைத் தட்டில் இருந்த பழத்தை அரிந்து சாமுவேல் சொட்டின்மேல் பிழிந்தார். சிவப்பு பளிச்சென்று மஞ்சளாயிற்று.

"வெத்தலைச் சாறு இப்படி மாறாதுங்க. மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தாச் சிவக்கும்; புளிப்புப் பட்டாத் திரும்ப மஞ்சளாகும். இது ஆலத்தித் தண்ணி. முதல்ல வந்த ரெண்டு பேர் நெத்தியிலயும் இருக்கு. பின்னால வந்த எங்களுக்கு இல்லை. ஆலத்தி எடுத்த ஈரக்கைதான் பெட்டிக்குள்ள போயிருக்கு. ஆலத்தி எடுத்தது யாருங்க?"

கோபாலசாமி சமையலறைப் பக்கம் திரும்பினார். விருந்துக்கு வடை மாவு ஆட்டும் கிரைண்டர் இரைந்துகொண்டிருந்தது. முத்தலிப் ஓடிப்போய் அதை நிறுத்தினார்.

"ஏஞ்சாமி நிறுத்திப்போட்டீங்க?" என்றபடி ராசாத்தாள் வெளியே வந்தார்.

"அக்கா, பெட்டியில இருந்த மஞ்சள்?"

"சாமி மாடத்துல இருக்குது. வெளைஞ்சதெல்லாம் ஈரோட்டு மண்டிக்குப் போயிருச்சு. சம்பந்திக்குத் தூளைக் கரைச்சு ஆலத்தி எடுத்தா நம்ம ஊட்டுக்கு மரியாதையா? அதான் ஒரு விரலை ஒடிச்சு உரசினேன். அப்புறம் இவீங்க கால் கழுவப் போனப்ப, நல்ல காரியம் முடியற வரைக்கும் மிச்சம் சாமிகிட்ட இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன். சத்தம் போட்டுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே!"

மயில்சாமி தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கோபம் போய்ச் சிரிப்பு வெடித்தது. "அப்ப தபால்தலை என் நெத்தியிலதான் ஒட்டியிருக்குதுங்களா!"

எவர் முன்னும் வளையாத கோபாலசாமி கைகூப்பினார். "பேசினது தப்புங்க சம்பந்தி. பிரவீனா உங்க ஊட்டுப் பொண்ணு."

"அதைச் சொல்லுங்க மொதல்ல. வடை ஆறிப்போகும்."

"இன்னும் சுடவே இல்லீங்க," என்று ராசாத்தாள் உள்ளே போனார். கிரைண்டர் மறுபடி இரைந்தது.

விழாவில் தபால்தலைக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தார்கள். ஆவணியில் கல்யாணமும் நடந்தது.

தபால்தலையில் ஐந்து விரல், பெட்டியில் நான்கு என்பதால், அசல் திருட்டுப் போய்விட்டது, வேறு மஞ்சளை வைத்து ஏமாற்றினார்கள் என்று சிங்காநல்லூரில் சிலர் சொல்வதுண்டு. அது பொய். அதே மஞ்சள்தான். ஐந்தாவது விரல் விருந்தாளிகளின் நெற்றிக்குப் போயிற்று.