ஆயிலை விட மலிவு உயிர்

போன் அடித்தது.

வேனுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், கிரீஸ் கையாலேயே ஸ்பீக்கரைத் தட்டினாள். காண்ட்ராக்டரின் டிரைவர்.

"அக்கா, ஆயில் லைட்டு சிவப்பா எரியுது. மலைப்பாதையில இறங்கிட்டு இருக்கேன்."

"உடனே ஓரங்கட்டு. இஞ்சினை நிறுத்து."

"இதோ... அக்கா, தானா நின்னுடுச்சு... ஸ்டீயரிங் திரும்பலையே..."

ஓர் அலறல். இரும்பு கல்லில் உரசும் சத்தம்.

லைன் அறுந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"கார் தடுப்புச் சுவர்ல மோதி நிக்குது. டிரைவருக்குப் பேச்சில்லை. ஆயில் மாத்தினது நீங்கதானாமே? ஸ்டேஷனுக்கு வாங்க."

அவள் மூலையில் கிடந்த காலி ஆயில் டப்பாவைத் தேடி எடுத்தாள்.

முந்தாநாள் இதே இடத்தில்தான் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கம்பெனி ஆயில் விலையைக் கேட்டதும் ஐயா என் மேல பாயறாரு அக்கா. பாதி விலையில வேணுமாம். கோடி ரூபா காருக்கு எதை ஊத்தறது?"

அவள் காரின் கையேட்டை எடுத்து, ஆயில் டப்பாவின் பின்பக்கத்தோடு சேர்த்து அவன் முன்னால் வைத்தாள்.

"இந்த நம்பர் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கா? அப்ப இது கார் கம்பெனியே சோதிச்சு ஒத்துக்கிட்ட ஆயில். டப்பாவுல அவங்க சின்னம் இல்லை, அவ்வளவுதான். நம்பர் இல்லாத ஆயிலைச் சும்மா கொடுத்தாலும் தொடாதே."

அவன் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தான். சிரித்தான்.

இப்போது அவனுக்குப் பேச்சில்லை.

ஸ்டேஷனின் பின்பக்கம். முகப்பு நசுங்கிய கார். பக்கத்தில் கசங்காத சட்டையில் காண்ட்ராக்டர்.

"இவதான் சார். ஆட்டோவுக்கு ஊத்துற எண்ணெயை ஊத்தி என் ஆளைக் கொன்னுட்டா."

அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மலிவா வேணும்னு ஆளனுப்பினது யாரு?"

"மலிவுன்னா மட்டமானதை ஊத்தச் சொன்னேனா?"

கையோடு கொண்டுவந்திருந்த காலி டப்பாவை பானெட்டின் மேல் ஓங்கி வைத்தாள்.

"சார், வண்டியில புக் இருக்கு. எடுத்து ஒத்துப் பாருங்க. நம்பர் தப்பா இருந்தா இப்பவே விலங்கு மாட்டுங்க."

இன்ஸ்பெக்டர் ஒத்துப் பார்த்தார். இரண்டு முறை.

"சரியாத்தாம்மா இருக்கு. அப்ப ஏன் இஞ்சின் இறுகி நின்னுச்சு?"

"அதைத்தான் நானும் பார்க்கணும்."

டார்ச்சோடு காருக்கு அடியில் ஊர்ந்தாள்.

"சார், குனிஞ்சு பாருங்க. இதுதான் ஆயிலை இறக்குற போல்ட்டு. இதை முறுக்கி முடிச்சதும் போல்ட்டுல இருந்து ஆயில் தொட்டி வரைக்கும் மஞ்சள் பெயிண்ட்ல ஒரே கோடா இழுத்துடுவேன். கோடு இப்ப ரெண்டா விலகி நிக்குது. எனக்கப்புறம் யாரோ திறந்திருக்காங்க."

ஸ்பேனர் வைத்துத் திருகினாள். ஒரு கரண்டி ஆயில் சொட்டியது. அவ்வளவுதான்.

"ஏழு லிட்டர் ஊத்தினேன். தொட்டி உடையலை. ஒழுகின தடமும் இல்லை. மொத்தத்தையும் இறக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி மூடியிருக்காங்க."

காண்ட்ராக்டர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"வேற யாரு? அவனேதான். ஆயிலை வித்துத் தின்னிருப்பான், திருட்டுப்பய. செத்தும் என் மானத்தை வாங்கறான்."

ஸ்பேனரோடு அவள் வெளியே வந்த வேகத்தில் காண்ட்ராக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னொரு தடவை அவனைத் திருடன்னு சொல்லிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். நிதானமாகக் கேட்டார்.

"செத்தது யாரு சார்?"

"டிரைவர். நீங்கதானே போன்ல..."

"பேச்சில்லைன்னு சொன்னேன். மூச்சில்லைன்னு சொல்லலையே. தாடை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. வாயால பேச முடியாது. கையால நல்லாவே எழுதறார்."

பாக்கெட்டிலிருந்து ஒரு தாளைப் பிரித்துப் படித்தார்.

"'லைட்டு எரிஞ்சதும் முதல்ல ஐயாவுக்குத்தான் போன் பண்ணினேன். மலிவு ஆயில் ஊத்தினா அப்படித்தான் எரியும், நிறுத்தாம இறங்குன்னார். மனசு கேக்கலை. அக்காவைக் கூப்பிட்டேன்.'"

காண்ட்ராக்டரின் கசங்காத சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அவன் பொய்..."

"போன வருஷம் நீங்க ஓட்டின கார் ஒரு சைக்கிள்காரரை இடிச்சுக் கொன்னுச்சு. தான்தான் ஓட்டினதா ஒத்துக்கச் சொல்லி டிரைவரைக் கேட்டீங்க. மாட்டேன்னுட்டார். நாளைக்கு கோர்ட்ல உங்க பேரைச் சொல்றதா இருந்தார். அதுக்குள்ள மலையிறக்கத்துல ஆளை அனுப்பிட்டு, பழியை இந்தம்மா ஆயில் மேல போடலாம்னு பார்த்தீங்க."

"ஆதாரம் இருக்கா?"

"இந்தத் தாளைப் படிச்சதுமே உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். கராஜ்ல, பக்கெட்ல, ஏழு லிட்டர். எடுத்தாச்சு. கொட்டக்கூட மனசு வரலையா சார்?"

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"அவன் உயிரோட இருக்கான்னு என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு கோபமா வந்திருக்க மாட்டீங்க. இவரும் இவ்வளவு தைரியமா பேசியிருக்க மாட்டார். மன்னிச்சுக்கம்மா."

இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்கள். ஏறப் போன காண்ட்ராக்டர் திரும்பி, நசுங்கிய காரைப் பார்த்தார்.

"என் வண்டி..."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கவலையை விடுங்க சார். இனிமே நீங்க போற வண்டிக்கு அரசாங்கமே ஆயில் ஊத்தும். இதை விட மலிவா எந்த ஒர்க்‌ஷாப்லயும் கிடைக்காது."