மலிவு விலையில் வெயில்

அப்பா பேரத்தில் ஜெயித்துவிட்டு வரும் நாட்களில் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைப்பார். தோற்றுவிட்டு வந்தால் ஒன்று இங்கே கிடக்கும், இன்னொன்று எங்கேயோ கிடக்கும். அன்று மத்தியானம் இரண்டும் ஜோடியாக, புகைப்படத்துக்கு நிற்பவை மாதிரி நின்றன.

"முடிச்சிட்டேன்," என்று சொல்லி, சாப்பாட்டு மேஜையில் ஒரு வழவழப்பான தாளைப் போட்டார் அப்பா. "டிராவல்ஸ்காரன் ஒரு விலை சொன்னான். நான் அதுல பாதி சொன்னேன். சரின்னுட்டான்."

"உடனேயா?" என்று கேட்டாள் கறார்.

கறார் என்பது அவளுடைய பட்டப்பெயர். கடைக்கு வருகிறவர்கள் வைத்தது. 'சாயங்காலம் வந்து துணியை எடுத்துக்கறேன்' என்று யாராவது சொன்னால், 'இருட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"உடனேதான். என்கிட்ட பருப்பு வேகாதுன்னு முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் அப்பா.

அவர்கள் குடும்பத்துக்குச் சலவைக் கடை. முன்னால் கடை, பின்னால் மெஷின்கள், மாடியில் வீடு. ஊரில் உள்ள பெரிய ஓட்டல் ஒன்று தன் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் இவர்களிடம்தான் வெளுக்க அனுப்பும். ஓட்டலில் யாராவது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் இவர்களுக்கு லீவு என்பதே கிடையாது. இந்தக் கோடையில் அதிசயமாக, ஓட்டலுக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள். ஒரு வாரம் மூடல். சலவைக் கடைக்கும் அந்த ஒரு வாரம் விடுதலை. அடுத்த பெயின்ட் எப்போது என்று ஓட்டல் முதலாளிக்கே தெரியாது.

தம்பி அந்தத் தாளைப் பிடுங்கினான். மூன்று வயதில் ஒரு கோட்டுப் பட்டனை விழுங்கியதிலிருந்து அவன் பெயர் பட்டன். தாளில் பாலைவனத்தின் நடுவே ஒரு நகரம் பளபளத்தது. மணல்மேடு, அதன்மேல் ஓர் ஒட்டகம். நீல நிறத்தில் ஒரு குளம். குளத்துக்குள் சுருண்டு சுருண்டு இறங்கும் ஒரு சறுக்கு.

"இதுல நான் நூறு தடவை சறுக்குவேன்," என்றான் பட்டன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்ன, சரிதானே?"

அம்மா சாப்பிட்டு முடித்துக் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கீழே இஸ்திரி ரோலர் சூடாகிக் காத்திருந்தது.

"எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கறாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பாதி விலைக்கு உடனே தலையாட்டும் வியாபாரியை அவள் பார்த்ததே இல்லை. அப்பாவே ஓட்டல்காரரிடம் விலையைக் குறைக்கும்போது மூன்று தடவை பெருமூச்சு விடுவார், நான்காம் தடவைதான் சரி என்பார்.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. கடையில் யாராவது ஒரு சட்டையைக் கொடுத்தால், ரசீது போடும் முன் அவர்கள் கண்முன்னாலேயே அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது வழக்கம். கிழிசல், கறை, பிரிந்த தையல் எல்லாம் உள்ளேதான் இருக்கும். 'நீங்கதான் கிழிச்சீங்க' என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. இந்தப் பாலைவனத்தை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு டிராவல்ஸ் கடைக்குப் போனாள். தெருவில் நான்கு கடை தள்ளித்தான் இருந்தது.

"வா பாப்பா. அப்பா ஏதாவது மறந்துட்டாரா?" என்றார் டிராவல்ஸ்காரர்.

"ஆமா, கேள்வி கேட்க மறந்துட்டார். இந்தப் படம் எந்த மாசம் எடுத்தது அங்கிள்?"

அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினார். "கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்காததைச் சொல்லவும் மாட்டேன். வியாபாரம் பாரு. இது குளிர் மாசத்துல எடுத்தது."

"நாங்க போறப்ப எப்படி இருக்கும்?"

"மத்தியானம் நாற்பத்தி மூணு டிகிரி இருக்கும். ஆனா ரூமுக்குள்ள ஏசி ஜில்லுன்னு இருக்கும்."

"வெளிய எப்ப போகலாம்?"

"விடியறப்ப போயிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடணும். அப்புறம் பொழுது சாஞ்சதும் போகலாம்."

"நடுவுல?"

"ரூம்ல டிவி இருக்கு."

"அது வீட்லயே இருக்கு. குளம்?"

"இருக்கே. தண்ணிதான் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். படியில மட்டும் செருப்பு போட்டுக்கணும்."

"ஒட்டகம்?"

"மத்தியானத்துல ஒட்டகம் வராது."

"அதுக்காவது தெரியுதே," என்றாள் கறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஊர்க்காரங்க இந்த மாசம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

டிராவல்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

"லீவு போடுவாங்க."

"லீவு போட்டு?"

"வேற ஊருக்குப் போயிடுவாங்க."

"எந்த ஊருக்கு?"

"மலைமேல ஒரு சின்ன ஊர். மேகம் ஜன்னல் வழியா உள்ள வந்து உட்காரும். ஆனா அங்க விலை இறங்காது பாப்பா. இந்த மாசம் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. உண்மையைச் சொல்லணும்னா, பாலைவனமும் அருமையான ஊருதான். குளிர் மாசத்துல போனா மணல்ல படுத்து நட்சத்திரம் பார்க்கலாம். எழுந்து வரவே மனசு வராது."

கறார் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. ஜெயித்த பேரத்தில் ஓட்டை என்று கேட்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

"நாற்பத்தி மூணெல்லாம் ஒரு சூடா?" என்றார். "நம்ம உலர்த்தற ரூம்ல அதைவிட அதிகமா இருக்கும். நாம சூட்டிலேயே வளர்ந்தவங்க. மத்தவங்களுக்குத்தான் அது வெயில். நமக்கு அது சும்மா."

"அப்படின்னா நாளைக்கு மத்தியானம் உலர்த்தற ரூம்லயே லீவு கொண்டாடிப் பார்த்துடலாம்பா," என்றாள் கறார்.

"பார்த்துடலாம்," என்றார் அப்பா. சவாலை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

மறுநாள் அந்த அறையில் வரிசையாக விரிப்புகள் தொங்கின. சுவரில் இருந்த வெப்பமானி நாற்பத்தி மூன்று காட்டியது. கதவைத் திறந்தே வைத்து, இரண்டு நாற்காலி போட்டார்கள். அப்பா கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பட்டன் ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தான். அதுதான் குளம்.

"பிரமாதம்," என்றார் அப்பா.

பட்டன் வாளிக்குள் காலை ஆட்டிப் பார்த்தான்.

"அப்பா, ஒட்டகம் எப்ப வரும்?" என்றான் பட்டன்.

"சாயங்காலம்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"ரசிக்கணும்டா."

அப்பாவின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கறுப்புக் கண்ணாடி வழுக்கி வழுக்கி இறங்கியது. பட்டன் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். அப்பா அவனைப் பொறாமையோடு பார்த்தார்.

அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். காய்ந்த விரிப்புகளை உருவி, தோளில் போட்டுக்கொண்டு போனாள். மறுபடி வந்தாள். ஈர விரிப்புகளைத் தொங்கவிட்டாள். போனாள். நாற்காலிகள் வழியில் இருந்ததால் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"போதும்," என்று சொல்லி பட்டன் வெளியே ஓடினான். "அவனைப் பிடிக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் வெளியே ஓடினார். இரண்டு பேரும் வாசல் மின்விசிறிக்குக் கீழே போய் நின்று, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினார்கள்.

கறார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள். அம்மா இன்னும் உள்ளேதான் இருந்தாள். விரிப்பின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு அது விளையாட்டு. போதும் என்றதும் ஓடி வந்துவிட்டார்கள். அம்மா எங்கே ஓடுவாள்? டிராவல்ஸ்காரரைக் கேள்வியால் துளைத்தவளுக்கு, அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கத் தோன்றவில்லையே என்று இருந்தது கறாருக்கு. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

உள்ளே போய் விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உனக்கு எங்க போகணும்?"

"எனக்கென்ன. நீங்க எல்லாரும்..."

"எங்களை விடு. நான் கேட்டது உன்னை."

அம்மாவின் கை நின்றது. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிக்கக் கூடாது," என்றாள். "எனக்குக் குளிரணும். பல்லு கிடுகிடுன்னு ஆடணும். போர்த்திக்கிட்டு ஒரு மூலையில சும்மா உட்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கதவருகில் அப்பா பட்டனோடு வந்து நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி கையில் இருந்தது.

"ஏன் நேத்தே சொல்லலை?"

"நீங்க கேட்கலையே."

"கேட்டேனே. சரிதானேன்னு கேட்டேன்."

"சரிதானேன்னு கேட்டீங்க, சரின்னேன். எங்க போகணும்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்பா பேரம் பேசுவதில் மன்னன்தான். ஆனால் இந்தத் தடவை பேரம் பேசாமல் கறுப்புக் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பட்டனுக்குத்தான் அழுகை முட்டியது. "அப்ப என் சறுக்கு?"

"குளிர் மாசத்துல பாலைவனத்துக்குப் போகலாம்டா," என்றாள் கறார்.

"குளிர் மாசத்துல கடைக்கு லீவு விடுவாங்களா?"

கறார் பொய் சொல்ல விரும்பவில்லை. "விடாமலும் போகலாம்," என்றாள்.

பட்டன் தன் ஈரக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அவள் கழுத்துத் துண்டு அதற்குள் காய்ந்துபோயிருந்தது. அவனே அதை உருவி எடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்து, பிழிந்து கொடுத்தான்.

"மலையில சறுக்க முடியுமாம்மா?"

"மலைன்னாலே பெரிய சறுக்குதானே," என்றாள் அம்மா.

"அப்ப சரி," என்றான் பட்டன்.

அப்பா கறாரையும் கூட்டிக்கொண்டு டிராவல்ஸ் கடைக்குப் போனார்.

"மலைக்கு மாத்திக் கொடுங்க," என்றார்.

"மாத்திடலாம்ணே. ஆனா அங்க விலை..." என்று சண்டைக்குத் தயாராக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் டிராவல்ஸ்காரர்.

"நீங்க சொல்ற விலையே இருக்கட்டும்."

டிராவல்ஸ்காரர் கறாரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "அண்ணே, உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கவலையோடு கேட்டார்.

"ஜன்னல் பெரிசா இருக்கிற ரூமா பாருங்க," என்றார் அப்பா. "மேகம் வரணும்."

மேகம் வந்தது. மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் காலையிலேயே வந்தது. கேட்காமல் கொள்ளாமல் ஜன்னல் வழியாக நுழைந்து, கட்டில், மேஜை, அப்பாவின் வழுக்கைத் தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தது. வெளியே புல்சரிவு பனியில் நனைந்து கிடந்தது. பட்டன் அதில் மேலிருந்து கீழே சறுக்கினான், ஏறினான், மறுபடி சறுக்கினான். கால்சட்டையின் பின்பக்கம் பச்சையாகி, பிறகு கிழிந்தது.

"டேய், இந்தக் கறை எதுல போட்டாலும் போகாதுடா," என்று தொழில் அக்கறையோடு கத்தினார் அப்பா.

அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துச் சும்மா இருந்தாள். அவள் கை சும்மா இருந்து கறார் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போனபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அம்மாவின் பற்கள்தான்.

அப்பா பதறிப்போய் உள்ளே ஓடி, கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்தா, போர்த்திக்க. நடுங்கறே பாரு."

அம்மா கம்பளியைக் கையால் தள்ளினாள்.

"இருங்க, அவசரப்படாதீங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கிறேன்."