உச்சிக் கிளையில் இரண்டு பழம்

மரத்தில் ஒரு பழம்கூட மிச்சமில்லை என்று தான்பி பெருமையாகச் சொன்னதும், அவள் தம்பி இசான் அழ ஆரம்பித்தான்.

பத்து வயதுப் பெண், மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு, மதில்மேல் ஏறி, கழுத்து வலிக்க வலிக்க ஒரு பெர்சிமன் மரத்தையே காலி செய்திருக்கிறாள். பாராட்டாமல் அழுகிறானே என்று அவளுக்குக் கோபம் வந்தது.

"என்னடா இப்போ?"

"உச்சில இருந்த பழம் எங்கக்கா?"

"அதையும் பறிச்சாச்சு. வருஷா வருஷம் அப்பாவுக்கு எட்டாத பழம். எனக்கு எட்டிடுச்சு பாத்தியா?"

"எட்டாம இல்லக்கா. அது காச்சிக்கு. அப்பா வேணும்னேதான் விடுவாரு."

கறுப்பும் வெள்ளையுமாக, நீளமான வாலை ஆட்டிக்கொண்டு வரும் காச்சிப் பறவைகள் அந்தப் பழங்களைக் கொத்துவதைத் தான்பியும் பார்த்திருக்கிறாள். எட்டாமல் விட்டதைத்தான் அவை தின்கின்றன என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"காச்சி வந்து கத்தினாத்தான வீட்டுக்கு ஆள் வரும்? பழம் இல்லன்னா அது வராது. அது வரலன்னா அப்பா எப்படி வருவாரு?"

அப்பா கணவாய் மீன் பிடிக்கும் படகில் போயிருந்தார். பெர்சிமன் சிவக்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். பழம் சிவந்து, பறித்தும் ஆகிவிட்டது. கடலில் பலமான காற்றாம். ஐந்து நாளாக அவரிடமிருந்து போன் இல்லை. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, பழங்களைத் தோல் சீவி, நூலில் கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் அவள் மடியிலேயே இருந்தது.

ஒரு பறவை கத்தி எந்தப் படகும் கரைக்கு வராது என்று தான்பிக்குத் தெரியும். அதை இசானிடம் சொல்ல மனம் வரவில்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"அழாத. பழத்தத் திரும்ப மேல ஏத்திடலாம்."

"எப்படி?"

"பறிச்ச கழி இருக்குல்ல?"

"அம்மாதான் எல்லாத்தையும் சீவிட்டாங்களே."

"மூணு மிச்சம் இருக்கு," என்றாள் தான்பி, சுரத்தில்லாமல்.

இருப்பதிலேயே பெரிய மூன்று பழங்களை அவள் முன்பே பறித்து அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள். காலையும் மாலையும் விரலால் அமுக்கிப் பார்ப்பாள். இன்னும் இரண்டு நாளில் கூழாகக் கனிந்துவிடும். பானைக்குள் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டை விழுந்த சிவப்புக் கையுறையிலிருந்து நூல் உருவி, காம்பில் வளையம் கட்டினாள். வளையத்தைக் கழி நுனியில் மாட்டி மேலே தூக்கினாள். கழி ஆடியது. முதல் பழம் நேராக இசான் தலையில் விழுந்து நசுங்கியது.

அவன் கன்னத்தில் வழிந்ததை நக்கிப் பார்த்தான்.

"அக்கா, நல்லா இனிக்குது."

"டேய், அது காச்சியோட பங்கு."

"நானும் நல்லாக் கத்துவேனே."

அம்மா சிரித்துவிட்டாள், ஐந்து நாளில் முதல் தடவையாக. எழுந்து வந்து கழியின் அடியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். மற்ற இரண்டு பழங்களும் உச்சிக் கிளையில் ஏறிவிட்டன.

இசான் போர்வையைச் சுற்றிக்கொண்டு மரத்தடியில் காத்திருந்தான். ஒரு குருவி மட்டும் வந்து, சிவப்பு நூலை முறைத்துவிட்டுப் போனது. காச்சி வரவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வாசல் கதவு கிறீச்சிட்டது. தாடியும் மீன் வாடையுமாக அப்பா நின்றிருந்தார்.

படகு இயந்திரம் பழுதாகி, இன்னொரு படகு இழுத்துப் போய் வேறு துறைமுகத்தில் விட்டதாம். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

"வேற யார்கிட்டயுமா போன் இல்ல?" என்றாள் அம்மா.

"உன் நம்பர் என் போன்லதான இருந்துச்சு. எனக்கு மனப்பாடமா தெரியலயே."

"கடல்ல கணவாய் எங்க இருக்குன்னு தெரியும். கட்டினவ நம்பர் தெரியாது." அம்மா திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். உப்புக் கரித்த அந்தச் சூப்பை நான்கு பேரும் மிச்சமில்லாமல் குடித்தார்கள்.

மறுநாள் காலை, உச்சிக் கிளையில் ஒரு காச்சி உட்கார்ந்து ஊரையே எழுப்பியது.

இசான் முற்றத்துக்கு ஓடி, இடுப்பில் கைவைத்து நின்றான். "அப்பா நேத்தே வந்தாச்சு. நீ லேட்டு. சரி, சாப்பிட்டுட்டுப் போ."

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"பழத்துல சிவப்பு நூல் தொங்குது. யாரு அவ்வளவு உசரத்துல கொண்டுபோய்க் கட்டினது?"

தான்பி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"எட்டினவங்க கட்டினாங்க," என்றாள்.